மழைக்கும் சோற்றுக்கும் நடுவில்: சோ. தர்மனின் ‘சூல்’

2023 ஆகஸ்ட் தொடக்கம். சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு மளிகைக்கடையில் பொன்னி அரிசி வாங்க நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற அக்கா, “பொன்னி இனிமே வராதாமே, நெசமாவா?” என்று கேட்டார். “அங்க மழை இல்லக்கா. அதான் அனுப்ப மாட்டேங்கிறாங்க” என்றார் கடைக்காரர். வழக்கமாக ஐந்து கிலோ வாங்குபவர் போலிருக்கிறது. அன்றைக்குப் பத்து கிலோ மூட்டை இரண்டைத் தூக்கி வண்டியில் வைத்துக்கொண்டு போனார். நானும் ஒரு மூட்டை கூடுதலாக எடுத்தேன். பொய் சொல்வானேன்.

கடைக்காரர் சொன்னது பொய் இல்லை. எல் நினோ தலைதூக்கிய ஆண்டு அது. அந்த ஆகஸ்ட் முடிந்தபோது, 1901 முதல் இருக்கும் கணக்கில் இந்தியாவில் மழை மிகவும் குறைந்த ஆகஸ்ட் அதுதான் என்று தெரிந்தது. ஆனால் பாஸ்மதி அல்லாத பச்சரிசியின் ஏற்றுமதியை இந்தியா நிறுத்தியது ஜூலை 20ஆம் தேதி. ஆகஸ்ட் வறண்டுபோவதற்கு முன்பே. அந்தத் தேதியில் இந்திய அரசின் கிடங்குகளில், விதிப்படி இருக்க வேண்டிய கையிருப்பைவிட மிக அதிகமாகவே அரிசி இருந்தது. உள்ளூரில் விலை ஏறிக்கொண்டிருந்தது. அடுத்த ஆண்டு பொதுத்தேர்தல். புழுங்கலரிசிக்குத் தடையே கிடையாது, ஆகஸ்ட் 25 முதல் 20 சதவீத ஏற்றுமதி வரி மட்டும்தான். சிங்கப்பூர் 2022இல் இறக்குமதி செய்த அரிசியில் சுமார் 40 சதவீதம் இந்தியாவிலிருந்து வந்தது. ஆகஸ்ட் கடைசியில், நட்புறவைக் காரணம் காட்டி, பூடான், மொரிஷியஸோடு சேர்த்து நமக்கும் விலக்கு கிடைத்தது. 50,000 டன்.

இதில் மழை எங்கே என்றால், இருக்கத்தான் செய்கிறது. ஆனால் மழைக்கும் என் தட்டில் விழுந்த சோற்றுக்கும் நடுவில் கிடங்கு, தேர்தல், வரி, தூதரகம், இங்கே இறக்குமதியாளர்கள் கட்டாயமாக வைத்திருக்க வேண்டிய இரண்டு மாதக் கையிருப்பு என்று ஒரு நீண்ட வரிசை நின்றிருக்கிறது. கடைக்காரர் அந்த வரிசை முழுவதையும் ‘மழை இல்ல’ என்று இரண்டே சொல்லில் தாண்டிவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நம் கதைகளும் நாவல்களும் பெரும்பாலும் அப்படித்தான் தாண்டுகின்றன. ‘வானம் பொய்த்தது’ என்று ஒரு வரி வரும், அடுத்த பத்தியில் நாயகன் பஸ் ஏறிவிடுவான்.

அந்த நாட்களில் எம்ஆர்டியில் நான் வாசித்துக்கொண்டிருந்தது சோ. தர்மனின் ‘சூல்’. அந்த ஒரு வரியைத் தாண்டாமல், அதன் உள்ளேயே ஐந்நூறு பக்கம் உட்கார்ந்திருக்கிற நாவல். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அதனுடன் எனக்கு ஒரு சண்டையும் இருக்கிறது. அதையும் சொல்ல வேண்டும்.

*

‘சூல்’ 2016இல் அடையாளம் வெளியீடாக வந்தது. 2019இல் சாகித்திய அகாதமி விருது பெற்றது. தூத்துக்குடி மாவட்டத்தின் கரிசல் பூமியில் இருக்கும் உருளைக்குடி என்ற கிராமத்தின் கதை; தர்மன் பிறந்த ஊரும் அதுதான். எட்டயபுரம் ஜமீன் காலத்தில் தொடங்கி சுதந்திரத்துக்குப் பிந்தைய ஆண்டுகள்வரை நீள்கிறது. கதாநாயகன் என்று யாரையாவது சொல்லியே ஆக வேண்டும் என்றால் ஊர்க் கண்மாயைச் சொல்லலாம். தண்ணீர் நிறைந்து நிற்கும் கண்மாய்தான் சூல்கொண்ட தாய்.

என்னைப் போல இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். வடக்கே ஏரி என்று சொல்வதைத் தெற்கே கண்மாய் என்கிறார்கள், பேச்சில் கம்மா. சரிவான நிலத்தில் பிறை வடிவில் மண்கரை எழுப்பி, மேலிருந்து ஓடிவரும் மழைநீரைத் தடுத்து நிறுத்துவது. தண்ணீர் வந்துசேரும் வழி வரத்துக்கால். கரையில் வயலுக்குத் தண்ணீர் விடும் வாய் மடை. நிறைந்தால் மிச்சத்தை வெளியே விடும் கல்கட்டு கலுங்கு. அதன் வழியே போவது மறுகால். மறுகால் போய்ச் சேர்வது அடுத்த ஊர்க் கண்மாய். மடையை நம்பியிருக்கும் வயல்களின் மொத்தப் பரப்பு ஆயக்கட்டு. தமிழ்நாட்டில் இப்படிச் சுமார் 39,000 ஏரி, கண்மாய்கள் இருக்கின்றன. ஆண்டில் சில வாரங்கள் மட்டும் கொட்டித் தீர்க்கிற மழையை மாதக்கணக்கில் நீட்டிப் பயன்படுத்த ஏற்பட்ட ஏற்பாடு இது.

நான் வடிகால் வடிவமைக்கும் வேலை பார்ப்பவன். பல்கலைக்கழகத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த அடிப்படைச் சூத்திரம் எளிமையானது: நிலத்தின் பரப்பு, மழையின் வேகம், தரை எவ்வளவு நீரை உறிஞ்சாமல் ஓடவிடும் என்பதற்கு ஒரு விகிதம். மூன்றையும் பெருக்கினால் வடிகாலுக்கு வரும் தண்ணீர். தேர்வுக்கு இது போதும். வேலைக்கும் பெரும்பாலும் போதும். அந்தப் பெருக்கலில் ஆள் யாரும் கிடையாது.

‘சூல்’ படிக்கும்போது முதலில் என்னை நிறுத்தியது, அதில் மழைக்கான வேலை மழையில்லாத மாதங்களில் நடக்கிறது என்பதுதான். கோடையில் வற்றிய கண்மாயின் உள்வாயில் படிந்திருக்கும் கரம்பை மண்ணை அள்ளி, வண்டியில் ஏற்றி, வயலில் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள். நாவலில் இது பெரிய இடம் எடுத்துக்கொள்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் கிராமத்து வாழ்க்கைச் சித்திரம், திருவிழா மாதிரி ஒரு காட்சி. கொஞ்சம் யோசித்தால் இது எவ்வளவு நுட்பமான ஏற்பாடு என்று தெரிகிறது. ஒரே கூடை மண்ணில் இரண்டு வேலை முடிகிறது. கண்மாய் ஆழமாகிறது, வயலுக்குச் சத்துள்ள வண்டல் கிடைக்கிறது. தூர்வாரத் தனியாகக் காசு ஒதுக்க வேண்டாம், ஏனென்றால் மண் தேவைப்படுகிறவனே வந்து அள்ளிக்கொண்டு போகிறான். ரசாயன உரம் மூட்டையில் வந்து இறங்கியபோது இந்தக் கணக்கு உடைந்தது. கரம்பை யாருக்கும் வேண்டியதில்லை என்றானது, கண்மாய் மேடேறியது. உரத்துக்கும் வெள்ளத்துக்கும் இப்படி ஒரு தொடர்பு இருக்கிறது என்று எனக்கு எந்தப் பாடப்புத்தகமும் சொல்லவில்லை. ஒரு நாவலை வாசித்த பிறகுதான் யோசித்துப் பார்த்தேன்.

இரண்டாவது, தர்மன் வானிலையை வர்ணிப்பதில்லை. ‘கருமேகங்கள் திரண்டன’ வகை வாக்கியங்களை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது, பறவைகள் வந்துவிட்டனவா, மீன் என்ன செய்கிறது, எந்த மரத்தின் பட்டை என்ன நிறத்தில் இருக்கிறது என்று ஆட்கள் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். அந்தப் பேச்சுதான் அவர்களுடைய வானிலை அறிக்கை. அதைக் கேட்டு அடுத்த வாரம் என்ன வேலை என்று முடிவுசெய்கிறார்கள். தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வைத்தது என்பதைப் பள்ளியில் மனப்பாடம் செய்திருப்போம். பொழுது முதற்பொருளாக இருந்தால் ஒரு கதை எப்படி நடக்கும் என்பதை நான் பார்த்தது இந்த நாவலில்தான். பொழுது மாறினால் ஆட்களின் வேலை மாறுகிறது. வேலை மாறினால் யார் யாரைச் சந்திப்பார்கள், யாருக்கு யாரோடு சண்டை வரும் என்பதும் மாறுகிறது.

மூன்றாவது, மழை பெய்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நாவல் எங்கேயும் நினைப்பதில்லை. பெய்த மழை வரத்துக்கால் வழியாக வர வேண்டும். யாராவது அதை மறித்திருக்கக் கூடாது. மடையைத் திறந்து அடைக்கிற நீர்ப்பாய்ச்சி நியாயமாகப் பங்கிட வேண்டும். கரையில் எலிவளை இருக்கிறதா என்று ராத்திரி ஒருவன் நடந்து பார்க்க வேண்டும். என் சூத்திரத்தில் இல்லாத ஆட்கள் எல்லாரும் இங்கே வந்து நிற்கிறார்கள்.

*

இந்த இடத்தில் நாவலுக்கு வெளியே கொஞ்சம் போக வேண்டும். ‘வானம் பொய்த்தது’ என்ற வரி எவ்வளவு மொட்டையானது என்பதற்கு உருளைக்குடி இருக்கும் வட்டாரமே நல்ல உதாரணம்.

எல் நினோ என்றால் வறட்சி என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஜூன் முதல் செப்டம்பர்வரை பெய்யும் தென்மேற்குப் பருவமழைக்கு அது பெரும்பாலும் பொருந்தும். நமக்கும் பொருந்தும்: 1997, 2015 எல் நினோ ஆண்டுகளில் சுமத்ராவும் கலிமந்தானும் காய்ந்து எரிந்து, புகைமூட்டம் சிங்கப்பூரை மூடியது. 2015 செப்டம்பரில் ஒரு நாள் பள்ளிகளையே மூடினார்கள். ஆனால் தமிழ்நாட்டின் கிழக்கும் தெற்கும் நம்பியிருப்பது அக்டோபர் முதல் டிசம்பர்வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையை. எல் நினோ ஆண்டுகளில் அது பல சமயம் வழக்கத்தைவிடக் கூடுதலாகவே பெய்கிறது. நமக்குப் புகை வந்த அதே 2015இல்தான் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. பொன்னிக்கு நாம் வரிசையில் நின்ற 2023இல், டிசம்பர் 18ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில், உருளைக்குடி இருக்கும் அதே தூத்துக்குடி மாவட்டத்தின் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. வட்டாரம் முழுக்கப் பல கண்மாய்களின் கரை உடைந்தது. வயலில் நின்ற பயிரைத் தண்ணீர் கொண்டுபோனது.

மறுபக்கம், ‘சூல்’ வெளிவந்த 2016இல் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைவு. 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதையும் வறட்சி பாதித்த மாநிலமாக அறிவித்தார்கள். ஆக, இந்த நாவல் புத்தகக் கடைக்கு வந்தபோது அது பேசும் கண்மாய்கள் காய்ந்து கிடந்தன. ஏழு ஆண்டு கழித்து அதே கண்மாய்கள் உடைந்தன. காலநிலை மாற்றம் என்று சொல்வது கரிசலுக்கு நடைமுறையில் இப்படித்தான் வந்து சேர்கிறது: பெய்தால் ஒரே நாளில், இல்லாவிட்டால் பருவம் முழுக்க இல்லை. இரண்டுக்கும் தாக்குப்பிடிக்க ஆழமான கண்மாய் வேண்டும். மேடேறிய கண்மாய் வறட்சியில் சீக்கிரம் வற்றும், பெருமழையில் சீக்கிரம் உடையும். இரண்டு சேதத்துக்கும் நாம் வானத்தைத் திட்டுவோம்.

பெருமாள்முருகனின் ‘பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை’யும் 2016இல்தான் வந்தது. அதிலும் மழை இல்லாமல் போகிறது. அங்கே வறட்சி ஒரு ஆட்டுக்குட்டியின் வயிற்றிலிருந்து தெரிகிறது. கூடவே ஆட்டுக்குக் காது குத்தி அடையாளம் போடும் ஓர் அரசாங்கமும், அதன் முன்னால் நிற்கும் வரிசையும் தெரிகின்றன. பஞ்சத்தையும் அதிகாரத்தையும் அவர் ஒரே கயிற்றில் கட்டுகிறார். தர்மனும் அதையேதான் செய்கிறார், ஆனால் நூறாண்டுக்கு மேற்பட்ட நீளத்தில். அந்த நீளத்தில்தான் எனக்குச் சிக்கல் வருகிறது.

*

சுதந்திரத்துக்குப் பிறகு கண்மாய் ஊரின் கையைவிட்டு அரசாங்கத்தின் கைக்குப் போகிறது. ‘சூல்’ நாவலில் அழிவு அங்கிருந்துதான் வேகமெடுக்கிறது. மரங்கள் போகின்றன, நீர்ப்பங்கீடு குலைகிறது, ஓட்டு அரசியல் உள்ளே வருகிறது. அதற்கு முந்தைய காலம், எல்லாருக்கும் அவரவர் வேலையும் அவரவர் மரியாதையும் இருந்த நிறைவான காலமாக மிஞ்சுகிறது. நாவலின் பிற்பகுதியில் தர்மனின் கோபம் பாத்திரங்களை ஓரம் தள்ளிவிட்டுத் தானே பேச ஆரம்பித்துவிடுகிறது. முற்பகுதியில் மீனும் பறவையும் பேசிய அளவுக்குக்கூடப் பிற்பகுதி மனிதர்கள் பேசுவதில்லை. அவர்கள் வாயில் கட்டுரை இருக்கிறது. இது வடிவத்தின் குறை என்று சொல்லிவிட்டு நகரலாம். எனக்கு அது கணக்கின் குறையாகவும் படுகிறது.

ஏன் என்று சொல்ல என் பாட்டியைக் கூப்பிட வேண்டியிருக்கிறது.

எங்கள் தாத்தா அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து 1950க்குச் சற்று முன்பு கப்பலேறி வந்தவர். ஏன் வந்தார் என்று கேட்டால் வீட்டில் எல்லாரும் ஒரே பதில்தான் சொல்வார்கள்: “அங்க மழ தண்ணி இல்ல.” தேக்கா கடைக்காரர் சொன்ன அதே வரி. ‘சூல்’ படித்த உற்சாகத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஈசூன் வீட்டில் பாட்டியிடம் கண்மாய் பற்றிச் சொன்னேன். எப்படி ஊரே சேர்ந்து வெட்டியது, எப்படி நிறைந்தது என்று. பாட்டி கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்: “கம்மா நெறஞ்சா யாருக்கு? எங்களுக்கு என்ன நெலமா நீச்சா இருந்துச்சு?”

எனக்கு அதற்குப் பதில் இல்லை. ஆயக்கட்டு என்ற சொல்லை எவ்வளவு ரசித்து வைத்திருந்தேன்! அந்த ஆயக்கட்டில் எங்களுக்கு ஒரு செண்டு கிடையாது. மழை பெய்தால் கூலி, பெய்யாவிட்டால் கூலி இல்லை. கண்மாய் நிறைந்த ஆண்டிலும் கடன் இருந்திருக்கிறது.

குடிமராமத்து என்று சொல்கிறோம்: ஊரார் கூடித் தங்கள் நீர்நிலையைத் தாங்களே பராமரிப்பது. அழகான சொல். 2017இல் தமிழக அரசுகூட ஒரு திட்டத்துக்கு அதே பெயரை வைத்தது. ஆனால் 1858இலேயே மதராஸ் மாகாணத்தில் ஒரு சட்டம் வந்தது. நீர்நிலை வேலைக்குக் கிராமத்து ஆட்களைக் கட்டாயமாக இறக்கலாம் என்பதற்கான சட்டம். எல்லாரும் மனமொப்பிச் செய்த வேலைக்கு எதற்குக் கட்டாயச் சட்டம்? வெள்ளைக்காரனுக்கு நம் வழக்கம் புரியவில்லை என்று ஒரு பதில் இருக்கிறது. வெட்டுகிறவனும் விளைச்சல் எடுக்கிறவனும் ஒரே ஆள் இல்லை என்பது இன்னொரு பதில். அதே போல 1876 முதல் 1878வரை நீடித்த தாது வருஷப் பஞ்சம். பருவமழை தவறியது உண்மை. கடுமையான எல் நினோவும் அந்தச் சமயத்தில் இருந்தது. மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் செத்தார்கள். ஆனால் முதலில் செத்தது நிலம் இல்லாதவர்கள், நெசவாளர்கள், கூலிகள். அந்தக் காலத்தில் கண்மாய் இருந்தது, அதைக் காக்கிற மரபு இருந்தது, ஜமீனும் இருந்தது. ரயிலில் தானியம்கூட ஓடிக்கொண்டிருந்தது, விலை கொடுக்க முடிந்தவர்களை நோக்கி. அந்தப் பஞ்சங்கள் தள்ளிவிட்ட ஆட்கள் இலங்கைக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் வந்து இறங்கினார்கள். நம்மில் பலர் இங்கே தமிழில் வாசித்துக்கொண்டிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

தர்மனுக்கு இது தெரியாது என்று சொன்னால் சிரிப்பார்கள். ‘கூகை’ எழுதியவர் அவர். சாதி ஒரு மனிதனின் பகலையும் இரவையும் எப்படிப் பங்குபோட்டுக்கொள்கிறது என்று தமிழில் அவ்வளவு உக்கிரமாக எழுதியவர்கள் குறைவு. ‘சூல்’ நாவலிலும் சாதி பேசப்படாமல் இல்லை. ஆனால் கண்மாய் மேலிருக்கும் பிரியத்தில், அதன் கரையில் நின்ற எல்லாரையும் அவர் கொஞ்சம் மன்னித்துவிட்டார் என்பது என் வாசிப்பு. நாட்டைக் கெடுத்தது பிற்பாடு வந்தவர்கள் என்று சொல்லும்போது, முன்பே கெட்டுக் கிடந்தது கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. மழைக்கும் சோற்றுக்கும் நடுவில் நிற்கும் வரிசையை இவ்வளவு நுணுக்கமாகக் காட்டிய நாவல், அந்த வரிசையில் கடைசியில் நின்றவரின் முகத்தை மட்டும் கொஞ்சம் வெளிச்சம் குறைத்துக் காட்டுகிறது.

*

இதை ஏன் சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு பேச வேண்டும்? இந்தத் தீவில் விவசாயத்துக்கு ஒதுக்கிய நிலம் ஒரு சதவீதத்துக்கும் கீழே. சாப்பாட்டில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் இறக்குமதி. 2030க்குள் ஊட்டச்சத்துத் தேவையில் 30 சதவீதத்தை இங்கேயே விளைவிக்கும் ஆற்றல் வேண்டும் என்று 2019இல் அறிவித்த இலக்கையும் 2025 நவம்பரில் கைவிட்டு, 2035க்கு வேறு இலக்குகளை வைத்துக்கொண்டார்கள். வயலே இல்லாத ஊரில் வானிலை வெறும் குடை விஷயம்தானே?

நான் அப்படி நினைக்கவில்லை. தேக்காவையே எடுத்துக்கொள்ளலாம். மூங்கில் அடி என்று பொருள்படும் ஹொக்கியன் பெயரிலிருந்து வந்த சொல் அது. எருமைத் தொழுவம் என்று மலாயில் பொருள்படும் கண்டாங் கெர்பாவ் அந்த வட்டாரத்தின் இன்னொரு பெயர். எருமைச் சாலை இன்றைக்கும் இருக்கிறது. ரோச்சோர் ஆற்றங்கரையில் நின்ற தண்ணீரும் புல்லும்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாட்டு வியாபாரத்தை அங்கே இழுத்தன. மாடு தமிழர்களை இழுத்தது. சதுப்பு நிலத்தை வடித்தபோது மாடு போனது. லிட்டில் இந்தியா அங்கே இருப்பதற்கே ஈரமான நிலம் ஒரு காரணம்.

இன்றைக்கு அதே சாலையில் பெய்யும் மழை ரோச்சோர் கால்வாய் வழியாக மரீனா நீர்த்தேக்கத்துக்குப் போய், சுத்திகரிக்கப்பட்டு, குழாயில் வருகிறது. இந்தத் தீவின் மூன்றில் இரண்டு பங்கு நிலம் இப்படி நீர்ப்பிடிப்புப் பகுதி. வரத்துக்கால் உண்டு, கரை உண்டு. 2008இல் கட்டிய மரீனா அணைக்கட்டின் மதகுகளைக் கலுங்கு என்றே சொல்லலாம். நாடே ஒரு கண்மாய். ஆயக்கட்டு மட்டும் இல்லை. ஆயக்கட்டு புதுக்கோட்டையிலும் தாய்லாந்திலும் வியட்நாமிலும் இருக்கிறது. அங்கே மழை தவறினால், அல்லது மழை தவறும் என்று யாராவது பயந்தால், இங்கே அக்கா இரண்டு மூட்டை தூக்குகிறார்.

இன்னொரு கண்ணியும் உண்டு. என் தளத்தில் வடிகால் தோண்டும் அண்ணன் ஒருவர் சிவகங்கைப் பக்கத்துக்காரர். ஊரில் கண்மாய்ப் பாசனம் நின்று, போர் போட்டு, அதுவும் வற்றி, இன்னும் ஆழமாகப் போர் போட வாங்கிய கடனை அடைக்க இங்கே வந்தவர். மழைத்தண்ணீர் சாலையில் நிற்காமல் ஓடுவதற்கு இங்கே பள்ளம் வெட்டுகிறார். அந்தக் கூலியில் அங்கே தண்ணீருக்குக் குழி இறங்குகிறது. இடைவேளையில் வீட்டுக்குப் பேசும்போது முதலில் “மழை பெஞ்சுதா?” என்று கேட்பார். பிள்ளைகள் நலமா என்பது அதற்கு அப்புறம்தான். உருளைக்குடி நாவலின் அடுத்த பாகம் அவருடைய போனில் ஓடிக்கொண்டிருக்கிறது.

நான் வாசித்தவரை, நம் சிங்கப்பூர்த் தமிழ்க் கதைகளில் மழை பேருந்து நிறுத்தத்தில் இருவரைச் சேர்த்து வைக்கும். அல்லது ஊர் ஞாபகத்தைக் கிளப்பும். வெளிநாட்டு ஊழியர் கதைகள் இப்போது நிறைய வருகின்றன. அவற்றில் தரகர் வருகிறார், முதலாளி வருகிறார், தனிமை வருகிறது. மழை தவறியதிலிருந்து தரகர் கையில் பணம் போவதுவரைக்கும் நடுவில் என்ன நடந்தது என்பது மட்டும் அந்தப் பழைய ஒற்றை வரிக்குள் போய்விடுகிறது. எந்த வயல், யாருடைய போர், எவ்வளவு வட்டி, மடையை யார் அடைத்தார்கள்? இதையெல்லாம் தெரிந்துகொள்ள ஊருக்குப் போய் ஆராய்ச்சி செய்ய வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரேஸ் கோர்ஸ் சாலைப் பக்கம் புல்தரையில் உட்கார்ந்திருப்பவர்களிடம் கொஞ்சம் நேரம் எடுத்துப் பேசினால் போதும். எழுதுகிற நண்பர்களுக்கு ‘சூல்’ நாவலை நான் சிபாரிசு செய்வது இதற்காகத்தான். கிராமத்தைப் பற்றி எழுதச் சொல்லவில்லை. காரணங்களை விலாவாரியாக எழுதினாலும் ஒரு நாவல் கதையாகவே இருக்க முடியும் என்று அதன் முதல் பாதி காட்டுகிறது. அவசரப்பட்டு ஒரு குற்றவாளியைப் பிடித்தால் கதை எப்படி மெலிகிறது என்று அதன் பிற்பாதி காட்டுகிறது. இரண்டுமே படிக்க வேண்டியவைதான்.

பாட்டிக்குக் கரம்பை அள்ளும் பகுதியை வாய்விட்டு வாசித்துக் காட்டினேன். வண்டிகள் வரிசையாகப் போகும் இடத்தில் நிறுத்தச் சொன்னார். “எங்க ஊருலயும் இப்படித்தான். அள்ளுனது நாங்க. வண்டி அவுகளோடது. வண்டி எங்க போகும்?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சரியாகத்தான் எழுதியிருக்கிறார், இது ஒன்றையும் சேர்த்துக்கொள் என்பது போலச் சொன்னார். பிறகு இன்னும் கொஞ்சம் வாசிக்கச் சொன்னார். முடித்ததும், “இப்ப அங்க கம்மாயில தண்ணி கெடக்காமா?” என்று கேட்டார்.

“தெரியல பாட்டி. மழை எப்படின்னு பாக்கணும்” என்று போனை எடுத்தேன்.

“மழ பெய்யத்தான் செய்யும்” என்றார் பாட்டி. “வெட்டி விட்டுருக்காங்களான்னு கேளு.”